ஸ்கீன்ஸ் கையில் இருக்கும்போது செலவு செய்யாமல் வேறு எப்போது?

கறுப்புத்தங்கம் (இழையைத் தொடங்கியவர், பிட்ஸ்பர்க், ஜனவரி 2026)

நவம்பரில் பேஸ்பால் சீசன் முடிந்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. காலையில் எழுந்தால் முதலில் டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) செய்தி, அப்புறம்தான் காபி. டிசம்பரில் ஆர்லாண்டோவில் எல்லா அணி நிர்வாகிகளும் கூடும் வின்டர் மீட்டிங் நடந்த நாட்களில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். எங்கள் ஊர் அணி பைரேட்ஸின் சம்பளக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வரிசையாகப் பெயர்கள், எதிரே 2026 முதல் 2031 வரை கட்டங்கள். ஒப்பந்தம் உறுதியான வருடத்துக்குப் பேனா, அணி விரும்பினால் நீட்டிக்கலாம் என்கிற வருடத்துக்குப் பென்சில். அதில் எங்கள் நட்சத்திர பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸின் வரி 2029-இல் முடிகிறது. மற்ற எல்லா வரிகளையும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் படிக்கிறேன்.

சம்பள விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு வந்த முதல் மூன்று வருடம் அணி தருவதுதான் சம்பளம். குறைந்தபட்சத் தொகை மட்டும் விதியில் உண்டு, 2026-க்கு 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன், அதாவது பேச்சில் படியாவிட்டால் நடுவர்கள் முடிவு செய்வார்கள். ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் முதல் ஆட்டம் ஆடினார். அவ்வளவு தாமதமாக வந்தால் அந்த வருடம் முழுதாகக் கணக்கில் சேராது, அணிக்கு இன்னொரு வருடம் மிச்சம். ஆனால் புதுமுக விருதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருடமும் வீரர் கணக்கில் சேரும் என்பது இப்போதைய விதி. அவர் விருதையே வென்றுவிட்டார்.

ஆக 2026 தான் அவர் அடிமாட்டு விலைக்கு ஆடும் கடைசி வருடம். போன வருடம் அவருடைய சம்பளம் 8.75 லட்சம் டாலர். அந்தச் சம்பளத்தில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) 1.97, 216 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை வெளியேற்றுவது), ஓட்டுப் போட்ட 30 பேரும் ஒருமனதாகக் கொடுத்த, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? 10-10. காரணம், நம் அணி மேஜர் லீகிலேயே மிகக் குறைவாக ரன் எடுத்தது, மிகக் குறைவாக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தது. அவர் ஆறு, ஏழு இன்னிங்ஸ் அடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், நம் ஆட்கள் ஒரு ரன்னுக்குத் தவம் கிடப்பார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. டாம்பா பே ரேஸ் அணியிடமிருந்து பிராண்டன் லோ வந்தார், போன வருடம் 31 ஹோம் ரன் அடித்தவர். ரையன் ஓ'ஹெர்னுக்கு இரண்டு வருடம், 2.9 கோடி டாலர். ஜெனரல் மேனேஜர் பென் செரிங்டன் 2019-இல் பொறுப்பேற்றபின் வெளியிலிருந்து ஒரு ஃப்ரீ ஏஜென்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இதையே நாம் கொண்டாட வேண்டிய நிலை.

நான் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் மாதிரி செலவு செய்யச் சொல்லவில்லை. எல்லா வருடமும் செலவு செய்யவும் சொல்லவில்லை. சிறிய ஊர் அணிக்குக் கிடைக்கும் ஒரே பெரிய தள்ளுபடி, நட்சத்திர வீரரின் மலிவான வருடங்கள்தான். அந்த வருடங்களில் மிச்சப்படும் பணத்தை அவரைச் சுற்றி இருப்பவர்களுக்குச் செலவு செய்ய வேண்டும். அதையும் முதலாளி எடுத்து உள்ளே வைத்துக்கொண்டால் அந்தத் தள்ளுபடியால் ரசிகனுக்கு என்ன பயன்?

2015 ஞாபகம் இருக்கிறதா? 98 வெற்றி. மேஜர் லீகிலேயே இரண்டாவது இடம். ஒரே ஒரு வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் சீசன் முடிந்தது), சிகாகோ கப்ஸின் பிட்சர் ஜேக் அரியெட்டா 4-0 என்று மூடிவிட்டுப் போனார். சரி, அது ஆட்டம். அதற்கடுத்த குளிர்காலத்தைத்தான் என்னால் இன்றுவரை விட முடியவில்லை. பதினோரு ஆட்டத்தில் 1.85 ஈ.ஆர்.ஏ. போட்ட பிட்சர் ஜே.ஏ. ஹாப்பை விட்டுவிட்டோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பி பிட்சர் ஜான் நீஸை வாங்கினோம். அந்த நீஸை ஆகஸ்டிலேயே மெட்ஸுக்கே திருப்பி அனுப்பினோம். 2016-இல் 78 வெற்றி. 2018 ஜனவரியில் கெரிட் கோலும் ஆண்ட்ரூ மக்கட்சனும் சில நாள் இடைவெளியில் போனார்கள். கதவு திறந்திருந்த நேரத்தில் கையை இறுக்கியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எல்.ஏ.நீலம்

அண்ணா, ஸ்கீன்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் இந்த மன்றத்தில் எல்லா இழையும் கடைசியில் டாட்ஜர்ஸைத் திட்டுவதில் முடிகிறது, அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டாட்ஜர்ஸ் கொடுத்தது கைல் டக்கருக்கு நான்கு வருடம் 24 கோடி, எட்வின் டியாஸுக்கு மூன்று வருடம் 6.9 கோடி. பெரிய தொகைதான். ஒரு வரம்பைத் தாண்டினால் லீகுக்கு வரி கட்ட வேண்டும், டாட்ஜர்ஸ் 2025-க்குக் கட்டிய வரி மட்டும் சுமார் 16.9 கோடி. இதில் எதையும் மறைமுகமாகச் செய்யவில்லை. விதியில் இருக்கிறது, கேட்ட வரியைக் கட்டுகிறார்கள். எங்கள் ஷோஹே ஓட்டானியின் 70 கோடி ஒப்பந்தத்தில் 68 கோடியைப் பிற்காலத்துக்குத் தள்ளி வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னது ஓட்டானியேதான். வேறு அணிகளிடமும் அப்படித்தான் கேட்டார்.

பணத்தை மட்டும் பார்ப்பவர்கள் போன வருட உலகத் தொடரில் (கோப்பை முடிவாகும் இறுதித் தொடர்) ரொறன்ரோவோடு நடந்த ஏழாவது ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு அவுட், ஒரு ரன் பின்தங்கி இருக்கிறோம். ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தவர் 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் இருந்த மிகேல் ரோஹாஸ். பதினோராவது இன்னிங்ஸில் அடித்து முடித்த வில் ஸ்மித் நாங்களே டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்து வளர்த்தவர். மேக்ஸ் மன்ஸியை ஏ'ஸ் அணி வேண்டாம் என்று விட்டபின் எடுத்தோம். எங்கள் முதலாளிகள் செலவும் செய்கிறார்கள், ஆள் பார்க்கவும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் முதலாளி இரண்டில் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யட்டும்.

ஸ்காபரோ_ஜேய்ஸ்

ரோஹாஸின் அடியை நான் இன்னும் திரும்பப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். அதைப் பற்றி இங்கே கதைக்க வேண்டாம் அக்கா, காயம் ஆறவில்லை.

ஆனால் ரொறன்ரோ கதை இந்த இழைக்குப் பொருந்தும். எங்கள் விளாடிமிர் குரேரோ ஜூனியர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஒரு சீசன் கூட இல்லாத நேரத்தில், போன ஏப்ரலில் 14 வருடம் 50 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அன்று அது பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் ஒக்டோபரில் அவர் அடித்த அடியைப் பார்த்திருப்பார்கள். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனோம். தோற்ற பிறகும் நிர்வாகம் படுத்துவிடவில்லை. பிட்சர் டிலன் சீஸுக்கு ஏழு வருடம், 21 கோடி. கிட்ட வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று நினைத்தார்கள். உங்களுடைய 2015 குளிர்காலத்துக்கு நேர் எதிர் இது.

ஜே.ஏ. ஹாப் என்ற பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது கறுப்புத்தங்கம் அண்ணை. நீங்கள் விட்ட ஹாப்பை மூன்று வருடம் 3.6 கோடிக்கு எடுத்தது நாங்கள்தான். 2016-இல் 20 வெற்றி, 4 தோல்வி. வருடத்துக்கு 1.2 கோடி. அது பிட்ஸ்பர்க்கால் முடியாத தொகையா?

கணக்குப்பிள்ளை

எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். பணம் கொடுத்தால் வெற்றி வரும் என்பதற்கு எதிர்ச்சாட்சி நிறைய இருக்கிறது. 2023 மெட்ஸ்: அதுவரை யாரும் கொடுக்காத சம்பளம், 10 கோடிக்கு மேல் வரி, 75 வெற்றி 87 தோல்வி. 2025-இல் ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி ஒப்பந்தம், கடைசி நாளில் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்று) போச்சு. மறுபுறம் மில்வாக்கி: சிறிய ஊர், சிக்கனமான அணி, 2025-இல் 97 வெற்றி, மேஜர் லீகிலேயே முதலிடம். பைரேட்ஸ் படிக்க வேண்டியது மில்வாக்கியின் பாடத்தை. வீரர்களைச் செதுக்குவது, சரியான நேரத்தில் விற்பது, பாதுகாப்பான ஃபீல்டிங், கூர்மையான பேஸ் ரன்னிங். ஓ'ஹெர்னுக்கு 2.9 கோடியா 3.5 கோடியா என்பது இரண்டாம் பட்சம்.

கறுப்புத்தங்கம்

மில்வாக்கி மேல் எனக்குப் பொறாமை உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அந்த 97 வெற்றிக்குப் பிறகு என்ன ஆனது? லீக் இறுதித் தொடரில் டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டத்திலும் தோல்வி, ஆட்டத்துக்கு ஒரு ரன் வீதம் மொத்தம் நான்கே ரன். அந்த அணிக்கு அப்போது தேவைப்பட்டது இன்னொரு அடிக்கும் கை. இந்த மாதம் என்ன செய்தார்கள்? பிட்சர் ஃப்ரெடி பெரால்டாவை மெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கார்பின் பர்ன்ஸையும் இதே மாதிரிதான் அனுப்பினார்கள். நீண்ட கால ஆரோக்கியத்துக்கு நல்லதாக இருக்கலாம். மேலே வந்து நின்ற அணியின் ரசிகனாக நான் இருந்தால் அழுதிருப்பேன்.

நீங்கள் மெட்ஸைச் சொன்னால் நான் 2015 கான்சஸ் சிட்டியைச் சொல்வேன். எங்களை மாதிரியே சிறிய ஊர். 2014-இல் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்த ஜூலையில் ஜானி குவேட்டோவையும் பென் ஸோப்ரிஸ்டையும் வாங்க நல்ல இளம் பிட்சர்களைக் கொடுத்தார்கள், அதில் ஷான் மனாயா இன்றும் மேஜர் லீகில் இருக்கிறார். கொடுத்தது உண்மையான விலை. ஆனால் கோப்பை வந்தது. அதன் பிறகு பல வருடம் தோற்றார்கள், அந்த ஊரில் அதற்காக யாரும் 2015-ஐத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

இதில் கணக்கும் இருக்கிறது, கணக்குப்பிள்ளை ஐயா. ஓர் அணி 71 வெற்றியிலிருந்து 75-க்குப் போக செலவழிக்கும் பணமும், 85-லிருந்து 89-க்குப் போக செலவழிக்கும் பணமும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பலன் ஒன்றல்ல. முதலாவதால் எதுவும் மாறாது, இரண்டாவது பிளேஆஃப். ஸ்கீன்ஸ் இருக்கும் அணி ஏற்கெனவே சில படி மேலே நிற்கிறது. மிட்ச் கெல்லர் 7.7 கோடி ஒப்பந்தத்தில் இருக்கிறார். பப்பா சாண்ட்லர் வந்துவிட்டார், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் வந்துவிட்டார், ஜாரெட் ஜோன்ஸ் முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து திரும்புகிறார். இவ்வளவு நல்ல பிட்சிங் வரிசை எங்களுக்குக் கடைசியாக எப்போது இருந்தது? ஒரு டாலருக்கு அதிக பலன் கிடைக்கும் நேரம் இது. அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

பனிக்கட்டி87

நானும் பிட்ஸ்பர்க்தான், ஆனால் ஐஸ் ஹாக்கி அணி பென்குவின்ஸ் பக்கம். இதற்கெல்லாம் மருந்து சாலரி கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு) ஒன்றுதான். ஹாக்கியில் அதற்காக 2004-05 சீசன் முழுவதையும் இழந்தோம். கேப் வந்த பிறகு இதே ஊர் அணி க்ராஸ்பியை வைத்துக்கொண்டு 2009, 2016, 2017 என்று மூன்று கோப்பை வாங்கியது. அதே ஊரில் இருக்கும் பைரேட்ஸுக்கு 1979-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. பேஸ்பாலில் வீரர்கள் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் உள்ள ஒப்பந்தம் இந்த டிசம்பர் 1 அன்று முடிகிறது. முதலாளிகள் கதவைப் பூட்டட்டும், ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, கேப் வரட்டும்.

ஸ்காபரோ_ஜேய்ஸ்

ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை என்று லேசாகச் சொல்லாதீர்கள். 1994 ஆகஸ்டில் வீரர்களின் ஸ்ட்ரைக் தொடங்கியபோது மொன்றியல் எக்ஸ்போஸ் 74-40. அந்த வருடம் லீகிலேயே சிறந்த அணி. உலகத் தொடரே நடக்கவில்லை. அடுத்த வசந்தத்துக்குள் அந்த அணியைப் பிரித்து விற்றார்கள். பத்து வருடத்தில் அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது. கனடாவில் பேஸ்பால் பார்க்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். பைரேட்ஸுக்கு ஸ்கீன்ஸோடு இருப்பது நான்கு சீசன். அதில் ஒன்றை நீங்களே தூக்கிக் கொடுக்கப் போகிறீர்களா?

கறுப்புத்தங்கம்

ஸ்காபரோ தம்பி சொன்னதுதான் என் பயமும். ஒப்பந்தச் சண்டையில் 2027 சீசன் போனால் என் நோட்டில் ஒரு கட்டம் காலியாகிவிடும். அதனாலேயே 2026 இன்னும் முக்கியம்.

கேப் பற்றி: மேல் வரம்பு மட்டும் வந்தால் எங்கள் முதலாளிக்கு அது விடுமுறை. எனக்கு வேண்டியது கீழ் வரம்பு. பெரிய அணிகள் உள்ளூர் வருமானத்திலிருந்து போடும் பங்கு சிறிய அணிகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணத்தை ஆட்டத்தில் போடவில்லை என்று வீரர்கள் சங்கம் 2018-இல் நான்கு அணிகள் மேல் புகார் கொடுத்தது, அதில் ஒன்று பைரேட்ஸ். லூயிஸ் செவரினோவுக்கு ஏ'ஸ் அணி 6.7 கோடி கொடுத்ததைப் பாருங்கள். அப்படி ஒரு புகார் வந்துவிடும் என்ற நெருக்கடி இருந்த நேரத்தில்தான் கொடுத்தார்கள். கட்டாயம் என்று வந்தால் எல்லோருக்கும் பணம் இருக்கிறது.

பாப் நட்டிங் அணியின் முதன்மை உரிமையாளர் ஆனது 2007-இல். போன ஏப்ரலில் முதல் உள்ளூர் ஆட்டத்தன்றே 'அணியை விற்றுவிடு' என்று மேலே விமானத்தில் பதாகை, கீழே கூட்டத்தின் கோஷம். அதே மாதம் வலது பக்கச் சுவரில் இருந்த, எங்கள் பழைய நட்சத்திரம் ரொபெர்ட்டோ க்ளெமென்டேயின் 21 என்ற எண்ணை எடுத்துவிட்டு ஒரு மது பான விளம்பரத்தை வைத்தார்கள். நிலநடுக்கத்தில் சிக்கிய நிகராகுவா மக்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோகும் வழியில் விமான விபத்தில் இறந்தவர் அவர். அந்தச் சுவரின் உயரமே அவருக்காக 21 அடி. எதிர்ப்பு கிளம்பியதும் எண்ணைத் திரும்ப வைத்தார்கள். மைதானம் கட்டும்போது ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்த செங்கற்கள் ஒரு மறுசுழற்சி மையத்தில் குவிந்து கிடந்த படம் வெளிவந்ததும் அதே ஏப்ரலில்தான். செத்துப்போன அப்பா, தாத்தா பெயரையெல்லாம் அதில் பொறித்திருந்தார்கள். இதையெல்லாம் ஏன் சம்பளக் கணக்கு இழையில் எழுதுகிறேன் என்றால், 'சிறிய ஊர், பொறுமையாக இருங்கள்' என்று சொல்ல ஒரு நிர்வாகத்துக்கு முதலில் நம்பிக்கை சேர்ந்திருக்க வேண்டும். இவர்கள் அதைச் சேர்க்கவில்லை.

புதுக்கையுறை

நான் சென்னையிலிருந்து. 2008-இல் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு இந்தியப் பையன்களை பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த செய்தியைப் படித்துத்தான் இந்த அணியைப் பின்தொடர ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம்: ரொறன்ரோ குரேரோவுக்குச் செய்த மாதிரி ஸ்கீன்ஸுக்கு இப்போதே நீண்ட ஒப்பந்தம் கொடுக்க முடியாதா?

கணக்குப்பிள்ளை

முடியும், விலைதான் கேள்வி. பைரேட்ஸ் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்த 10.675 கோடி. போன ஏப்ரலில் கெரட் க்ரோஷேவுக்கு பாஸ்டன் ஆறு வருடத்துக்கு 17 கோடி கொடுத்தது, ஸ்கீன்ஸ் அதற்கெல்லாம் மேலே. ஆர்பிட்ரேஷனும் மலிவாக இருக்காது. இந்த மாதம் டெட்ராய்டில் டாரிக் ஸ்கூபல் 3.2 கோடி கேட்கிறார், டைகர்ஸ் சொல்வது 1.9 கோடி. நடுவர்கள் நடுவில் ஒரு தொகை சொல்ல முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஸ்கூபல் ஜெயித்தால் 2027 முதல் ஸ்கீன்ஸின் கணக்கும் ஏறும். இந்த இடத்தில் கறுப்புத்தங்கம் சொல்வதை ஏற்கிறேன். மிச்சம் பிடிக்கும் வருடங்கள் முடியப் போகின்றன.

எல்.ஏ.நீலம்

சரி அண்ணா, நட்டிங் உங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு ஆளை வாங்கிக்கொள் என்றால் யார்?

கறுப்புத்தங்கம்

யூஹேனியோ சுவாரெஸ். யோசிக்கவே மாட்டேன். போன வருடம் 49 ஹோம் ரன், இன்னும் ஃப்ரீ ஏஜென்ட். ஜூலையில் கெப்ரையன் ஹேஸை சின்சினாட்டி ரெட்ஸுக்கு அனுப்பியதிலிருந்து எங்கள் மூன்றாவது பேஸ் காலி. முப்பத்து நான்கு வயது, நிறைய ஸ்ட்ரைக்அவுட் ஆவார், ஃபீல்டிங் இறங்கிவிட்டது, எல்லாம் தெரியும். லோ, ரெனால்ட்ஸ், ஓ'ஹெர்ன், ஓனீல் க்ரூஸ், அவர்களோடு சுவாரெஸ் என்று வரிசையை எழுதிப் பாருங்கள். க்ரூஸ் போன மே மாதம் மணிக்கு 122.9 மைல் வேகத்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார், அளக்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு வேகமாக யாரும் அடித்ததில்லை. அவர் பேஸில் நிற்கும்போது பின்னால் சுவாரெஸ் வந்தால் எதிரணி பிட்சர் என்ன செய்வார்? ஒரு வருடமோ இரண்டு வருடமோ கொடுங்கள். 2029 வரை அவர் தேவையில்லை, 2026-க்குத் தேவை.

கணக்குப்பிள்ளை

சுவாரெஸுக்கு முன்னால் கானர் க்ரிஃபினை முடிவு செய்ய வேண்டும். வயது பத்தொன்பது, லீகிலேயே முதல்தர இளம் வீரர். சீசனின் முதல் நாளே ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் இடம்) இறக்கினால், அவர் புதுமுக விருது வென்றால் அணிக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் தேர்வு. கீழே மைனர் லீகில் வைத்தால் ஒரு வருடம் மிச்சம் ஆகலாம்.

கறுப்புத்தங்கம்

முதல் நாளே இறக்க வேண்டும். ஸ்கீன்ஸை மே வரை கீழே வைத்து அணி எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, அவர் விருது வென்று அந்த வருடத்தை எடுத்துக்கொண்டார். க்ரிஃபினும் ஸ்கீன்ஸும் சேர்ந்து ஆடப்போவது அதிகபட்சம் நான்கு சீசன். அதில் ஆறு வாரம் கூட மைனர் லீகில் போகக் கூடாது. பிப்ரவரியில் பிராடென்டனில் பயிற்சி தொடங்கியதும் க்ரிஃபினுக்கென்று தனி இழை போடுகிறேன், அவருடைய ஸ்விங் பற்றி எழுத நிறைய இருக்கிறது.